உன் முழங்கை உயரம்

அன்புள்ளவளே,

கழுத்து வலி குறைந்ததா? உன் அக்கா வீட்டில் கொடுக்கும் ஒத்தடத்தை விட்டுவிடாதே. இங்கே எல்லாம் நலம்.

என் மேசையில் சாமான் குவிந்துவிட்டதால், நேற்று நீ டைப் செய்யும் இடத்தில், சாப்பாட்டு மேசையில், உட்கார்ந்தேன். சாய முதுகில்லாத அந்த ஸ்டூலில் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தோள்பட்டை இறுகி, கழுத்து பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் உயரத்துக்காக ஒரு காகிதக் கட்டு வைத்திருக்கிறாய். பிரித்துப் பார்த்தேன். ஆபீஸ் ஆபீஸாகப் போய் நான் கொடுக்கும் ‘சரியாக உட்காருங்கள்’ கையேடுகள்.

“கழுத்து வலிக்குதுங்க” என்று மூன்று வருஷமாகச் சொன்னாய். “எந்நேரமும் போனையே குனிஞ்சு பார்த்தா வலிக்காம என்ன செய்யும்?” என்றேன். நல்ல நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் சொன்னேன்.

உனக்கு ஒரு நாற்காலி பொருத்தலாமென்று அளவுநாடாவை எடுத்தேன். ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் முழங்கை உயரம் அளந்தவனுக்கு உன் அளவு தெரியவில்லை.

எப்போது வருகிறாய் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? உட்கார்ந்தபடி, இருக்கையிலிருந்து முழங்கை வரை எத்தனை அங்குலம் என்று அக்காவை அளக்கச் சொல். அதை மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
நீ கேலியாகக் கூப்பிடும் நாற்காலி டாக்டர்