பன்னிரண்டாவது கவிதை

ஒனோமிச்சி, ஜப்பான்
11 பிப்ரவரி 1974

மதிப்பிற்குரிய திருமதி ஹாவர் அவர்களுக்கு,

இதை எழுதுவது உங்கள் மகன் ஆரின் அல்ல. உறையைப் பிரித்ததுமே கையெழுத்து அதைச் சொல்லியிருக்கும். ஆனாலும் முதல் வரியிலேயே நானும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மீதியை, உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கும்போது படியுங்கள்.

பதிப்பாளர் வழியாக நீங்கள் அனுப்பிய மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. உங்கள் ஊர் நூலகத்தில் ஆரின் ஹாவர் என்ற பெயரில் ஒரு கவிதைப் புத்தகத்தைக் கண்டதாகவும், உங்கள் வீட்டுக் குருட்டுக் குதிரையைப் பற்றிய கவிதையைப் படித்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். "இவ்வளவு வருஷமா ஏன் வரலைன்னு கேக்கவே மாட்டேன்டா கண்ணு. ஒரே ஒரு வரி எழுது, போதும்" என்று கடைசிக் கடிதத்தை முடித்திருந்தீர்கள்.

என் பெயர் லைல் டக்கெட். கொரியாவில் ஆரினும் நானும் ஒரே படைப்பிரிவு. அவனுக்கு இருபது வயது, எனக்குப் பத்தொன்பது. நான் கென்டக்கியில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். வீடு என்றால் என்ன என்று எனக்குச் சொன்னவன் அவன்தான். அயோவாவின் சோளக்காடு, உங்கள் நிலவறையின் ஆப்பிள் வாசனை, கோபம் வந்தால் நீங்கள் பாத்திரங்களோடு பேசுவது, எல்லாம் எனக்குத் தெரியும்.

1950 டிசம்பரில் பனியில் பின்வாங்கி நடந்தோம். அவனுக்கு வயிற்றில் குண்டு பட்டது. சாலையோரத்தில் பாதிக் கூரை போன ஒரு கொட்டகையில் அவனைக் கிடத்தினேன். கவிதை எழுதும் நோட்டை எடுத்து என் சட்டைக்குள் திணித்தான். "நீ போய் ஆளுங்களக் கூட்டிட்டு வாடா. நான் எங்க போகப் போறேன்?" என்று சிரித்தான். வருகிறேன் என்று சொன்னேன். ஒரு மணி நேரம் நடந்து எங்கள் லாரிகளை எட்டினேன். யாரோ கை கொடுத்து மேலே இழுத்தார்கள். உள்ளே கதகதப்பாக இருந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இறங்கவும் இல்லை.

அந்தக் காயத்தோடு, அந்தக் குளிரில், யாரும் விடியும்வரை தாங்கியிருக்க முடியாது. உங்கள் மகன் இறந்துவிட்டான். அதிகாரி விசாரித்தபோது, உயிரோடு விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "தெரியாது" என்றேன். காணவில்லை என்று உங்களுக்கு வந்த தந்தி, நான் சொன்ன அந்த ஒரு சொல்தான்.

பனி தின்ற கால்விரல்களை ஜப்பானில் ஒரு ராணுவ மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். அங்கே படுத்தபடி அவனுடைய நோட்டைப் பிரதி எடுத்து, அவன் பெயரிலேயே நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். சத்தியமாக அவனுக்காகத்தான் அனுப்பினேன். பதினொரு கவிதைகள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, இன்னும் இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். நோட்டில் வேறு எதுவும் இல்லை. பன்னிரண்டாவதை நான் எழுதினேன். ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் போட்டார்கள். அந்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் வெட்கம் தருவது அந்தத் தூக்கம்தான்.

பிறகு அவன் பெயரிலேயே இரண்டு கவிதைத் தொகுப்புகள், எட்டு நாவல்கள். எல்லா நாவலிலும் ஒருவன் பனியில் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருப்பான். விமர்சகர்கள் அதைப் புகழ்ந்தார்கள். அவனை ஒரு தடவையாவது வாசலில் கொண்டு சேர்த்துவிடத்தான் ஒவ்வொன்றையும் தொடங்கினேன். கடைசி அத்தியாயத்தில் கை நின்றுவிடும்.

அரசாங்கக் காகிதங்களில் மட்டுமே நான் டக்கெட். இந்த ஊருக்கு நான் ஹாவர்தான். துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாள், "ஹாவர் சான், இன்னிக்கு மீனு உங்களவிட உசிரோட இருக்கு, வாங்கிட்டுப் போங்க!" என்று கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். எங்கள் வீடு மலைச்சரிவில், நூற்றுச் சொச்சம் படிகளுக்கு மேலே. குளிர்காலத்தில் ஏறும்போது இரண்டு படி கீழே இன்னொருவர் மூச்சு வாங்குவது கேட்கிறது. நான் நின்றால் அதுவும் நிற்கும்.

மருத்துவமனையில் எனக்குக் கட்டுப் போட்ட கினுயோதான் என் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும். வீட்டுப் பூஜை மாடத்தில் தினமும் காலையில் ஆரினுக்கு ஒரு கிண்ணம் தேநீர் வைக்கிறாள். "பேரை இரவல் வாங்கினவங்க தேநீராவது தர வேண்டாமா?" என்பாள்.

இதையும் மறைக்கக் கூடாது. உங்கள் மூன்றாவது கடிதம் வந்த பிறகு, "அன்புள்ள அம்மா, நான் நலம்" என்று தொடங்கி ஒரு பதில் எழுதினேன். அவன் குரல் எனக்குப் பழக்கம், நீங்கள் நம்பியிருப்பீர்கள். தபாலில் சேர்க்கப் படியிறங்கியவனைக் கினுயோ வழிமறித்து, உறையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவரோட பேரை எடுத்தீங்க, சரி. இப்ப அவரோட அம்மாவையும் எடுத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அதை அவளிடமிருந்து வாங்கி அடுப்பில் போட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

அவனுடைய நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அட்டையில் இருக்கும் கறை அவனுடையது, துடைக்கவில்லை. கொட்டகை இருந்த இடத்தை நினைவிலிருந்து வரைந்து, நடந்ததையும் எழுதி ராணுவத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பதினொன்றைத் தவிர வேறெதிலும் இனி அவன் பெயர் இருக்கக் கூடாது என்று பதிப்பாளருக்கும் எழுதிவிட்டேன். இறந்த வீரர்களின் கல்லில் அவன் பெயரைப் பொறிக்க வந்தவர்களை நீங்கள் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். பொறிக்கச் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. உங்களுக்கு நல்ல தூக்கம் கிடைக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். என்னைத் திட்டி எழுதத் தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் உறையின் மேல் என் பெயரைப் போடுங்கள். அந்தப் பெயருக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை.

இப்படிக்கு,
லைல் டக்கெட்