ரெண்டு கதவு சிவப்புக் கார்

2002 பிப்ரவரி 11

காலையில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மகன் வளவன் ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து வேலி ஓரம் நிறுத்தினான். ரெண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. உட்காரக் குனிந்ததில் முட்டி இடித்துக்கொண்டது.

"ஸ்போர்ட்ஸ் கார்ப்பா. ஜப்பான் மேக்கு. பாண்டிச்சேரியில ஒருத்தர் வெச்சிருந்தது."

என் வீட்டுக்காரி ஜோதி எட்டிப் பார்த்தாள். "பின்னாடி யாருடா உக்காருவாங்க, கோழிக்குஞ்சா?"

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். கூரை திறக்குமாம், மாப்பிள்ளை நின்றுகொண்டே வருவானாம். செங்கம் ரோட்டில் இவன் ஓட்டும் அம்பாசிடரை இப்போது யாரும் கேட்பதில்லையாம். இத்தனை பழைய வண்டிக்குப் பைனான்ஸ்காரன் சும்மா கடன் தரமாட்டான். நிலப் பத்திரம் கேட்கிறான். நிலம் என் பேரில்.

பிப்ரவரி 13

அதில் ஏறி டவுனுக்குப் போனோம். ஊர் தாண்டுவதற்குள் வேகத்தடையில் அடிவயிறு தட்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். "பெரியவரே, ரெண்டு மாட்டக் கட்டுங்க" என்றான் ஒருத்தன். நானும் சிரித்தேன்.

டயர் கடையில் விசாரித்தேன். "இந்த சைசு இங்க கிடைக்காதுங்க. மெட்ராஸ்ல சொல்லி வைக்கணும். ஒரு ஜோடி வாங்கற காசுல கறவை மாடு வாங்கிடலாம்."

வளவன் என்னை வெளியே இழுத்து வந்தான். "அவன் ஜாஸ்தி சொல்றான்பா."

நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். பல்லைப் பிடித்துப் பார்ப்பேன், நடக்கவிட்டுப் பார்ப்பேன். இதில் எதைத் திறந்து பார்ப்பது?

பிப்ரவரி 14

ஒரே மகன்.

பிப்ரவரி 18

வண்டியைக் கொண்டுவந்த தரகன் தருமன் ரெண்டு லட்சத்திலிருந்து இறங்கவில்லை. எப்படிக் கேட்டும் அசையவில்லை. வளவன் எனக்காகப் பேசினான். "எங்கப்பா வயசான மனுஷன்யா, பார்த்துப் போடு" என்றான். அதைக் கேட்டு மனசு குளிர்ந்துபோயிற்று. சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கைநாட்டு. அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றாலும் பத்திரம் என்றால் எனக்குக் கைநாட்டுதான்.

அப்பா இந்தக் கிணறு வெட்டும்போது எனக்குப் பதினாலு வயசு. மூன்றாவது வெடிக்குத்தான் தண்ணீர் வந்தது. வெடி வைத்தவர் பெயர் மண்ணாங்கட்டி. இடது கையில் ரெண்டு விரல் கிடையாது.

நிலம் போய்விட்டால்? போகாது. பையன் ஓட்டிக் கட்டிவிடுவான். — கட்டுவானா?

பிப்ரவரி 21

மனசு கேட்கவில்லை. டயர் விலையை இன்னொரு தடவை கேட்கலாம் என்று பஸ் ஏறிப் போனேன். வளவனிடம் சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் அந்தக் கார் நின்றது. பக்கத்தில் வளவனும் தருமனும். ரெண்டு பேர் கைமேலும் ஒரே துண்டு.

மாட்டுச் சந்தையில் அப்படித்தான் பேசுவோம். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வோம், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் கார் விலைதான் பேசி முடிந்ததே. கடனுக்கு நிலம் கொடுப்பவன் நான். அப்புறம் அந்தத் துண்டுக்குள் என்ன பேச்சு?

தருமன் கையை உருவப் பார்த்தான். வளவன் விடவில்லை. இன்னும் ஒரு விரலை அமுக்கினான். முழங்கை போகிற போக்கைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். பார்ட்டியைக் கூட்டிவந்தவனுக்குப் பங்கு. பார்ட்டி நான்.

வீட்டில் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"எல்லாரும் வாங்கறதுதானேப்பா. நான் வாங்கலன்னா தருமன் வெச்சிக்குவான்."

"அத விலையில கொறைக்கச் சொல்றதுக்கு என்னடா?"

ஜோதிதான் சொன்னாள். "வேங்கிக்கால்ல ஒரு வீடு பார்த்திருக்கான். அதுக்கு அட்வான்ஸு. இந்தக் கொட்டாயில இருந்தா இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"உனக்குத் தெரியுமா?"

"நானும்தான் போறேன். வீட்டுக்குள்ளயே தண்ணிக் கொழா இருக்குது. நீங்க நெலத்த வுட்டு வரமாட்டீங்க. அதான் சொல்லல."

அவன் செய்தது தொழில். தொழிலில் நான் பார்க்காததா? இவ என்ன செஞ்சா? பக்கத்துலயே உக்காந்து சோறு போட்டுக்கிட்டு — எத்தனை நாளா பேசி வெச்சீங்க? நான் எங்கடி இருந்தேன் அப்போ? கடலைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தேனா?

பிப்ரவரி 22

கைநாட்டு வைக்கப் போகவில்லை. தருமன் கொல்லைக்கே வந்துவிட்டான். "பெருசு, உங்க பையனுக்குப் பணம் குடுத்துட்டேன்."

"வாங்கினவன் கட்டைவெரல்ல மை தடவு" என்றேன்.

மார்ச் 3

அம்பாசிடரில் பாத்திரம் ஏற்றினார்கள். ஜோதி பின்சீட்டில். எனக்கு ஒரு மாசத்துக்கு மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறாள். அதைத் திட்டுவதா, வைத்துக்கொள்வதா?

ஏப்ரல் 9

வளவன் அந்தக் காரை வாங்கிவிட்டானாம். கடைத்தெருவில் சொன்னார்கள். எப்படி என்று கேட்கவில்லை.

ஜூன் 30

ஜோதி வந்தாள். பஸ்ஸில்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"அம்பாசிடர வித்தான். பத்தாததுக்கு இது. கடைசில ஒண்ணரை லட்சத்துக்கே குடுத்துட்டானாம் தருமன்."

"வண்டி ஓடுதா?"

"மூணு கல்யாணம் ஓடிச்சு. ஏதோ சாமான் சிங்கப்பூர்லேர்ந்து வரணுமாம். நிக்குது."

நிலத்தைக் கேட்பாளோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்தாள். நாற்பது வருஷமாக இந்த வீட்டில் அவள்தான் சொம்பைக் கழுவிக் கவிழ்ப்பாள். இன்றைக்கு என் கையில் கொடுத்துவிட்டு, "வரேங்க" என்று கிளம்பினாள்.