கண்ணாடிக்குள் போன பொம்மை

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே முதலாளி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

சிரிக்காதே. நான் கிளம்பும்போது நீ உன் பழைய சேலையில் தைத்துக் கொடுத்த பொம்மை, நான் கட்டிக்கொண்டு தூங்கியே அழுக்கேறிப்போனதல்லவா? அதை, முதலாளிக்கு வருகிற பொம்மைப் பெட்டிகளைப் பிரிக்கிற மேசையில் மறந்து வைத்துவிட்டேன். உலகமெல்லாம் அலைந்து பழங்காலப் பொம்மைகள் சேர்க்கிறவர் அவர்; "அடேயப்பா, நூறு வருஷமாவது இருக்கும்!" என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். என்னுடையது என்றேன். "ஆசையைப் பாரு!" என்று சிரித்தார்.

நாலு நாளாகத் தூக்கமில்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. நீ இப்போது கட்டுகிற சேலையில் இன்னொன்று தைத்து உடனே அனுப்பு. துவைத்துவிடாதே.

முதலாளி கூப்பிடுகிறார். பொம்மையின் கீழே, 'செய்தவர் பெயர் தெரியவில்லை' என்று அட்டை வைத்திருக்கிறார். தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது உன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.