மண்டலம் போச்சு, வெள்ளிக்கிழமை வந்தது

என் அருமை மாப்ளே ராஜேந்திரா,

எப்படி இருக்கேன்னு கேட்க மாட்டேன். நீ இருக்கிற இடத்தில் ஒரு மைதானமும் நாலு பிள்ளைகளும் இருந்தால் நல்லாத்தான் இருப்பாய். ஒன்றே ஒன்று. விடியற்காலை ஐந்தரைக்கு விசில் ஊதி எல்லாரையும் எழுப்பித் தொலைக்காதே. செத்தும் தூங்க விடமாட்டேங்கிறானேன்னு யாராவது மேலே புகார் கொடுத்துடுவாங்க.

நீ போய் ஒரு வருஷம் ஆச்சு. கல்லூரி மலருக்கு உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மற்றவர்களெல்லாம் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பச்சைப் பொய். உன்னை ஈடு செய்தாகிவிட்டது. யாரை வைத்து என்றுதானே கேட்கிறாய்? என்னை வைத்து.

சிரிக்காதேடா. வணிகவியல் துறை கோபாலகிருஷ்ணன், மாடி ஏறினால் பாதியில் நின்று நோட்டீஸ் போர்டு படிக்கிறவன், இன்றைக்கு விளையாட்டுப் பொறுப்பாசிரியர். உன் இடத்துக்கு ஆள் போட அனுமதி வரும்வரை என்று சொன்னார்கள். அனுமதி இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது. நான் கபடிக்குப் பந்து வாங்கச் சொல்லி எழுதினேன் என்று ஆபீசில் ஒரு வதந்தி உலவுகிறது. நம்பாதே. வலைதான் கேட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பெல்லாம் கல்லூரிப் போட்டிகளில் காரைக்கால் மண்டலம் என்று தனியாக ஒன்று இருந்தது. நம் ஊர்க் கல்லூரிகள் நாலும் தங்களுக்குள் ஆடும். ஜெயித்த டீம் மட்டும் பாண்டிக்குப் போகும். பிறகு பல்கலைக்கழகத்தில் யாரோ வரைபடத்தை விரித்து வைத்து, மண்டலமெல்லாம் வேண்டாம், எல்லாரும் பாண்டிக்கே வந்து ஒன்றாக மோதட்டும், தோற்றவர் அங்கேயே வெளியே என்று முடிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கிற காலேஜும், முழு டீம் சேர்க்க வகுப்பு வகுப்பாகக் கதவு தட்டுகிற நம்ம காலேஜும் ஒரே தராசில்.

அதை எதிர்த்து நீ மூன்று பக்கத்துக்கு மனு எழுதினாய். "இதனால் சிறிய கல்லூரிகளின் பெண்கள் அணிகள் அழியும், பெற்றோர் வெளியூரில் தங்க அனுப்ப மாட்டார்கள்." அந்த வரியின் கீழே இரண்டு கோடு. நம் பிரின்சிபால் கையெழுத்துப் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்தார். பதில் வருவதற்குள் உன் நெஞ்சு அவசரப்பட்டுவிட்டது. அப்புறம் என்ன ஆச்சு என்று நீ தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பொறுப்பை என் தலையில் கட்டிய அன்றே பிரின்சிபால் கூப்பிட்டார். "கோபால், பாண்டியில ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சிட்டு வாங்க. இல்லேன்னா பொண்ணுங்க கபடியை எடுத்துடலாம். கேரம் போதும். கேரம்ல யாருக்கும் முட்டி சிராய்க்காது."

ஜெயிப்பது இருக்கட்டும், முதலில் போகவேண்டுமே. கேப்டன் கலைவாணி உனக்கு ஞாபகம் இருக்கும், பட்டினச்சேரிப் பெண், பாடிப் போனால் எதிர் டீம் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கும். அவள் அம்மா அஞ்சலை, தலையில் கூடையோடு தெருத்தெருவாக மீன் விற்கிற அம்மா. அனுமதி கேட்கப் போனேன்.

"ரெண்டு ராத்திரி பொட்டப்புள்ளைய வெளியூர்ல வுடச் சொல்றீங்களா சார்?"

"நான் கூட இருக்கேன்லம்மா."

"அதான் சார் யோசனையா இருக்கு. உங்கள யாரு பாத்துக்குவா?"

கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று மீனைப் பார்ப்போமே, அந்தப் பார்வை. "சரி. நானும் வர்றேன். ரெண்டு நாளு மீனு விக்கலைன்னா கடலு வத்திடாது."

அவ்வளவுதான். அஞ்சலையக்கா போகுது என்று தெரிந்ததும் மற்ற வீடுகளில் கேள்வியே இல்லை. உன் மூன்று பக்க மனுவுக்கு அந்தம்மா ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார்கள் மாப்ளே.

பக்கத்துக் காலேஜ் ஜெயந்தி மேடம் போன் செய்தார். "சார், நாங்க ஒம்பது பேரு, நீங்க ஒம்பது பேரு. எதுக்கு ரெண்டு வேனு?" எத்தனை வருஷப் பகை நமக்கும் அவர்களுக்கும்! சுரக்குடியிலிருந்து வரும் அவர்கள் கேப்டன் தமிழ்ச்செல்வி ஒருமுறை கலைவாணியின் காலைப் பிடித்ததற்கு நீ ஒரு வாரம் கத்தினாயே. அந்தக் காலும் அந்தக் கையும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, தரங்கம்பாடி தாண்டுவதற்குள் ஒரே பொட்டலத்தில் கடலை தின்றன.

எல்லைச் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். காரைக்கால் வண்டி என்றால் உள்ளே சரக்கு இருக்கும் என்று ஒரு மரியாதை. போலீஸ்காரத் தம்பி எட்டிப் பார்த்து, "பாட்டில் இருக்கா?" என்றார்.

"இருக்கு தம்பி," என்றார்கள் அஞ்சலையம்மா. "இருபது பாட்டிலு. அத்தனையும் தண்ணி. மோந்து பாக்குறியா?"

அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டார். சிதம்பரம் வரை வண்டியில் சிரிப்பு அடங்கவில்லை.

பாண்டியில் போய் இறங்கினோம். சுவரில் யார் யாரோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்கிய பட்டியல் ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். மறுபடி துடைத்தேன். முதல் சுற்று, எங்களுக்கு எதிர் டீம், ஜெயந்தி மேடம் டீம்.

நாலு மணி நேரம் பயணம் செய்து, நாலு ஊர் தாண்டி, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காலேஜோடு மோத வந்திருக்கிறோம்! ஜெயந்தி மேடமும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். "உங்க பிரின்சிபாலும் ஒரு மேட்ச் ஜெயிக்கணும்னு சொன்னாரா சார்?" என்று கேட்டார். "ஆமாம்." "எங்க சாரும்தான்." பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். கடலைப் பொட்டலம் அநாதையாகக் கிடந்தது. ரெண்டு டீமும் அதற்குள் எதிரெதிர் மூலையில் நின்றன.

என்ன ஆட்டம் மாப்ளே! ஒருத்தி எந்தக் காலை முதலில் வைப்பாள், எப்போது குனிவாள் என்று இன்னொருத்திக்குத் தூக்கத்திலும் தெரியும். பக்கத்துக் களத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். அஞ்சலையம்மா போட்ட சத்தத்தில் நடுவர் ரெண்டு தடவை விசிலைச் சோதித்துப் பார்த்தார். இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று. முழுசாக ஒரு நிமிஷம்கூட மீதியில்லை. கலைவாணி பாடிப் போனாள். தமிழ்ச்செல்வியைத் தொட்டாள். திரும்பிப் பாய்ந்து கோட்டைத் தொட்டாள். இருபத்திரண்டு!

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகக் கேள். நான் களத்துக்குள் ஓடினேன்.

ஏன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது. கையில் தண்ணீர் பாட்டிலோடு, "அம்மாடீ!" என்று கத்திக்கொண்டு, இந்தத் தொப்பையோடு, கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றேன். ஆட்டம் முடியவில்லை என்று நடுவர் அமைதியாகச் சொன்னார். அதே அமைதியோடு எதிர் டீமுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தார். சமம். அடுத்துப் பாடி வந்த பெண் எங்களில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுப் போனாள். நீண்ட விசில். முடிந்தது.

என் பிள்ளைகள் ஜெயித்தார்கள் மாப்ளே. நான் தோற்கடித்தேன்.

அழப்போகிறார்கள் என்று தலை குனிந்து நின்றேன். தலையைத் தூக்கினால் கலைவாணி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "சார், நீங்க ஓடுவீங்கன்னே எங்களுக்குத் தெரியாது சார்!" அஞ்சலையம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நான் பாத்துக்க வந்ததே இவரத்தான். ஒரு நிமிசம் கண்ண எடுத்துட்டேன்," என்று தன்னையே திட்டிக்கொண்டார்கள்.

மத்தியானம் ஜெயந்தி மேடம் டீம் பாண்டியின் பெரிய காலேஜோடு மோதியது. நம் பிள்ளைகள் தொண்டை கிழிய அவர்களுக்காகக் கத்தினார்கள். மரண அடி. சாயங்காலம் தோற்ற டீம் ரெண்டும் கைகோர்த்துக் கடற்கரைக்குப் போய் வந்தன.

சனிக்கிழமை பிரின்சிபால் அறை. வழியெல்லாம் ராஜினாமாவுக்கு வாக்கியம் யோசித்துக்கொண்டே போனேன்.

"என்ன கோபால்?"

"ஒரு பாயிண்ட்ல சார்..."

"ஜெயிச்சீங்களா!"

"தோத்தோம்."

பேனாவை எடுத்தார். "பரவாயில்லை. பாண்டி பெரிய காலேஜ்கிட்ட தோக்குறதுல ஒண்ணும் கேவலமில்லை. அப்ப கேரம்னு எழுதிடறேன்."

"பாண்டி இல்லை சார். நம்ம பக்கத்துக் காலேஜ்கிட்ட."

பேனா நின்றது. "யாரு... அவர் காலேஜா?"

'அவர்' என்றால் பக்கத்துக் காலேஜ் பிரின்சிபால். இவர் கட்டியது மூத்த பெண்ணை, அவர் கட்டியது இளையவளை. சகலைகள். மாமனார் வீட்டில் யாருக்கு முதலில் இலை போடுவது என்பதில் தொடங்கிய போட்டி, இருபது வருஷமாக நடக்கிறது.

"நாளைக்கு மாமனார் வீட்டுல விருந்துய்யா!" என்று எழுந்தே விட்டார். "சோத்துல கை வைக்கிறதுக்குள்ள கேப்பான். என்ன சகலை, கபடி எப்படீன்னு! எல்லார் முன்னாடியும்!" அறைக்குள் ரெண்டு சுற்று நடந்தார். "கேரமாவது மண்ணாவது. திருப்பி அடிக்கணும். எப்ப ஆடலாம்?"

"அடுத்த வருஷம்தான் சார்."

"அடுத்த வாரம்!"

நான் களத்துக்குள் ஓடியதை அவரிடம் சொல்லவில்லை. இந்த மலரை அச்சுக்கு முன் அவர்தான் படிப்பார். சார், மன்னிக்கவும்.

விருந்தில் என்ன நடந்தது என்பது பியூன் வழியாக வந்த செய்தி. பாயசம் வருவதற்குள் சவால் விட்டாகிவிட்டதாம். இப்போது வெள்ளிக்கிழமை தோறும் நாலு மணிக்கு, ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே, கபடி. ரெண்டு பிரின்சிபாலும் எதிரெதிர் நாற்காலியில். இதுவரை ஆறு ஆட்டம், மூன்று நமக்கு, மூன்று அவர்களுக்கு. மூன்றாவது காலேஜும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறது. நீ கேட்ட மண்டலம்தான் மாப்ளே இது. பல்கலைக்கழகம் கொடுக்கவில்லை, மாமனார் வீட்டு இலை கொடுத்தது.

ஆனால் உன் மனுவில் பாதி உண்மையும் இருந்தது. நாலாவது காலேஜ், மண்டலம் கலைந்த வருஷமே பெண்கள் டீமைக் கலைத்துவிட்டது. அங்கே அஞ்சலையம்மா இல்லை, சகலை இல்லை, யாரும் கேட்கவில்லை. அந்த டீமில் ஆடிய பெண்களில் இரண்டு பேர் கோட்டுச்சேரி பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் வேலி ஓரமாக நின்று ஆட்டம் பார்ப்பார்கள். பஸ் வரும், போகும். ஏறமாட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை கிட்டே போய்க் கேட்டேன். "ஆடுறீங்களாம்மா?"

"எங்க காலேஜுலதான் டீமே இல்லையே. எந்தப் பக்கம் சார் ஆடறது?"

"எந்தப் பக்கம் ஆள் கொறையுதோ, அந்தப் பக்கம்."

இதற்கு எந்தப் பல்கலைக்கழக விதியும் இல்லை. இது நம்ம வெள்ளிக்கிழமை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். செருப்பை வேலி ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள்.

இப்போது ரெண்டு பேர். ஏழு பேரைச் சேர்த்து, அவர்கள் காலேஜ் பேரிலேயே களத்தில் இறக்காமல் நான் ஓய்வு பெறமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

பெண் கொடுக்காமலே உனக்கு மச்சான் ஆன,
கோபாலகிருஷ்ணன்