நாற்பத்தொன்றாம் எண் முத்திரை

மார்ச் 4, செவ்வாய்
காலையில் சோளக்கஞ்சிப் பொட்டலத்தின் பின்பக்கம் முழுவதையும் படித்தேன். அறுபத்தேழு வயதில். எவ்வளவு உப்பு போட வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. மனைவி ஓப்பலிடம், "நாப்பது வருஷமா நீ உப்பை அதிகமாத்தான் போடறே" என்றேன்.
"என் குத்தத்தைக் கண்டுபிடிக்கத்தான் படிக்கக் கத்துக்கிட்டியா, கிழவா?"
தினமும் கொஞ்சம் எழுதச் சொல்லியிருக்கிறார் நூலக வகுப்பு ஆசிரியை. இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆனது. சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்
ராக்கெட் கூடத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து மாரிசோல் பேசினாள். எங்கள் மேற்பார்வையாளர், என் மகள் வயது. ராணுவச் செயற்கைக்கோள்களை ஏவும் ஒப்பந்தத்தை, நாலு வருஷம் சோதித்த பிறகு, அரசு எங்கள் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. மொத்தம் ஏழு. இது முதலாவது.
"இதுல ஒரு கறை பட்டா மீதி ஆறையும் வேற கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துடுவாங்க. நாம நானூறு பேரும் வீட்ல உக்காந்து டிவி பாக்கலாம்."
ஏவ இன்னும் பதினொரு நாள்.

மார்ச் 7, வெள்ளி
எங்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு படியையும் வாசித்து, செய்து, பக்கத்தில் அவரவர் முத்திரையைக் குத்த வேண்டும். என்னுடையது 41. பத்தொன்பது வருஷம் கூட்டாளி டுவேன் எனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்துக் காட்டினான். எனக்குப் படிக்க வராது என்பது அங்கே வேறு யாருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸோடு அவன் ஓய்வு பெற்றுவிட்டான். அதற்குப் பிறகு ஞாபகத்தில் செய்தேன். கை மறக்காது என்று நினைத்தேன்.
இன்று சாப்பாட்டு வேளையில், ஜனவரியில் நான் முத்திரை குத்திய தாளை ஆசையாக எடுத்து வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக.
ஒன்பதாவது படி வரை சந்தோஷம்.

மார்ச் 8, சனி
எழுதக் கூடாது. இந்த வேலையைப் பற்றி வாசலுக்கு வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதக் கற்று, முதலில் எழுதத் தவிப்பதே எழுதக் கூடாததா?
இவ்வளவு மட்டும் — செயற்கைக்கோளைத் தாங்கும் வளையத்தின் போல்ட்டுகளைப் பாதி இறுக்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு முழுதாக இறுக்க வேண்டுமாம். அரசு வேலைக்கென்று புதிதாகச் சேர்த்த படி. நான் பழைய வழக்கப்படி ஒரே மூச்சில் இறுக்கிவிட்டேன். இறுக்கத்தை இன்னொருவர் சோதித்தார். காத்திருந்ததை யார் சோதிப்பது? அதற்குச் சாட்சி 41 மட்டும்தான்.

மார்ச் 9, ஞாயிறு
பாலத்தடியில் டுவேன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு தப்பு நடந்துபோச்சு என்று மட்டும் சொன்னேன்.
"என்னன்னு சொல்லாதே. நான் இப்ப வெளியாளு."
தூண்டிலைச் சுற்றிக்கொண்டே, "படிக்கத் தெரிஞ்சிடுச்சுன்னு என்கிட்ட பீத்திக்கிட்டே. தெரியாமலே இருந்திருக்கலாமேடா" என்றான். பிறகு, "நீ வாயைத் திறந்தா என்னையும் கூப்பிடுவாங்க" என்றான்.

மார்ச் 10, திங்கள்
மாரிசோலின் கதவு வரை இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்
வகுப்புக்குப் போகவில்லை. சொன்னால் நானூறு பேர் வேலை. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆகிவிட்டால்? மேலே போய் வளையம் விட்டுவிட்டால்? எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இடிக்குது. ஓப்பல், "வாயில என்ன பூட்டா?" என்கிறாள். இவளிடம்கூடச் சொல்ல முடியலையே.

மார்ச் 12, புதன்
மாரிசோலிடம் சொல்லிவிட்டேன்.
"ரெண்டு மாசமா ஏன் சொல்லல, மிஸ்டர் வெர்லன்?"
"வெள்ளிக்கிழமைதாம்மா படிச்சேன்."
அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

மார்ச் 14, வெள்ளி
அரசு அதிகாரிகள் இருவர் வந்தார்கள். "நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கறோம்" என்றார்கள். நானே எழுதுகிறேன் என்றேன். மூன்று மணி நேரம், ஒன்றரைப் பக்கம். அந்தப் பெண் அதிகாரி ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் வாசித்துக் காட்டியது யார் என்று படிவத்தில் கேட்டிருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் பாதி, டுவேன் பெயரை எழுதுவதற்குப் போனது.
முத்திரையையும், உள்ளே போகக் காட்டும் வாசல் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். இனி நானும் வெளியாள்.

ஏப்ரல் 5, சனி
பத்தொன்பது நாள் தாமதமாக, ராக்கெட் இன்று காலை போனது. நானும் ஓப்பலும் ஆற்றங்கரையிலிருந்து பார்த்தோம். நன்றாகவே போனது. டுவேன் எங்களைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்
கடையில் மாரிசோலைப் பார்த்தேன். போல்ட்டுகள் தளர்ந்திருந்தனவா என்று கேட்டேன்.
"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல. கேக்க உங்களுக்கும் இல்ல."
"மீதி ஆறு?"
"அது பேப்பர்ல வரும். படிச்சுக்கோங்க." கோபமா, சிரிப்பா, தெரியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்
மூன்றாம் பக்கத்தில் வந்திருக்கிறது. கண்காணிப்பைக் கூட்டுகிறார்களாம், ஆனால் இரண்டாவது ஏவலும் எங்களுக்கே. ஓப்பலுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். எங்கும் தடுக்கவில்லை.
'எங்களுக்கே' என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தப் போவதில்லை.