முதலில் படகு, பிறகு ஆள்

28.02.2005, திங்கள்

கமரா வந்து மூன்று நாளாகியும் அலுமாரிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. திறப்பு அரியநாயகம் அண்ணையின் சேர்ட் பொக்கற்றில். சங்கத் தலைவர் என்றால் திறப்பைச் சுமப்பதுதான் வேலை என்று நினைக்கிறாரோ தெரியாது. இன்று கேட்டு வாங்கிவிட்டேன்.

எங்கள் தீவின் கடற்றொழிலாளர் சங்கத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். மே முதலாம் திகதியிலிருந்து, படம் போட்ட சங்க அட்டை இல்லாதவருக்குக் கடற்படை கடல் பாஸ் புதுப்பிக்காதாம். பாஸ் இல்லையென்றால் கடலுக்குப் போக ஏலாது. கமராவும் கம்பியூட்டரும் தொண்டு நிறுவனம் ஒன்று தந்தது. படம் எடுப்பதற்கு நான் இருக்கிறேன், ஆறு மாதமாக இங்கே எழுத்து வேலை பார்க்கிற ஞானசவுந்தரி.

"உது யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்காரரிட்டைக் குடுக்கிற வேலை, சவுந்தரி. உம்மாலை ஏலாது எண்டில்லை..." என்று அரியநாயகம் அண்ணை இழுத்தார். அவர் இழுத்தால் ஏலாது என்றுதான் அர்த்தம்.

போன முறை பாசுக்குப் படம் எடுக்க ஸ்ரூடியோக்காரர் ஒரேயொரு நாள் வந்துவிட்டுப் போனார்கள். அன்று கடலில் நின்ற நாற்பது பேர் பிறகு தொழிலை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அலைந்தார்கள். அதை நினைவுபடுத்தினேன். கடைசியில், "ஏப்ரல் பதினைஞ்சு. அதுக்குள்ளை முடியாட்டி ஸ்ரூடியோதான்" என்றார்.

சரி. பார்ப்போம்.

03.03.2005, வியாழன்

பதினொரு படம் எடுத்துப் பழகினேன். கதிரை, கிணறு, தராசு, கண்ணை மூடிக்கொண்டிருக்கும் அரியநாயகம் அண்ணை. கமராவோடு வந்த சீடியைப் போட்டுப் படங்களைக் கம்பியூட்டருக்கு மாற்றினேன். அந்தப் புரோகிராமுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். படங்களுக்குப் பாட்டுப் போடட்டுமா என்கிறது. சிநேகிதருக்கு அனுப்பட்டுமா என்கிறது. பூப்போட்ட சட்டம் வேண்டுமா என்றும் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று அமத்தி முடிய, கமரா போட்ட எண்களை அழித்துத் தானாக வேறு பெயர் வைத்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த முகம் இன்னாருடையது என்று கேட்ட உடனே காட்ட வேண்டும்.

05.03.2005, சனி

யாழ்ப்பாணம் போய் மயூரநாதனைப் பார்த்தேன். நான் கம்பியூட்டர் படித்த இடத்தில் படிப்பிக்கிற பெடியன். என்னைவிடப் பத்து வயது குறைவு, கதை மட்டும் பெரிய ஆள் மாதிரி. இரண்டு புரோகிராம் சீடியில் அடித்துத் தந்தான்.

ஒன்று பளபளவென்று இருக்கிறது. "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை அக்கா. எடுத்த திகதி, நேரம் பாத்து அதுவே அடுக்கும்" என்றான். மற்றது பார்க்கச் சாம்பல் நிறம், அழுமூஞ்சி. படத்தைக் கமராவிலிருந்து எடுத்து, கமரா கொடுத்த எண்ணோடு அப்படியே வைக்கும். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதலாம். அவ்வளவுதான். "உது பழசு அக்கா, சும்மா வைச்சிருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். கொப்பியில் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு அதே வரிசையில் படம் எடுத்தால், பிறகு ஒன்றோடு ஒன்று பொருத்திவிடலாம். வரிசை மட்டும் பிசகக் கூடாது.

08.03.2005, செவ்வாய்

பளபளப்பானதையே தெரிவு செய்துவிட்டேன். முடிந்தது விசயம்.

19.03.2005, சனி

நான்கு நாளில் அறுபத்து மூன்று பேர்! ஊர்காவற்றுறை ஆட்கள் பாதி, மெலிஞ்சிமுனை ஆட்கள் பாதி. கடலால் வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். மெலிஞ்சிமுனையில் ஒரே வெள்ளைச் சேர்ட்டைப் பதினொரு பேர் மாற்றி மாற்றிப் போட்டார்கள். கடைசியாகப் போட்டவர், "பிள்ளை, இது ஆற்றை சேர்ட் எண்டு மட்டும் எழுதிப்போடாதையும்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கை ஆடியது.

காலையில் கமராவைப் போடும்போதெல்லாம் அது ஏதோ கேட்கிறது. "பிறகு" என்று அமத்திவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

22.03.2005, செவ்வாய்

எல்லாம் நாசம்.

மாதிரிக்குப் பத்து அட்டை அடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அரியநாயகம் அண்ணை கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது யேசுதாசன் இல்லை, அவன்ரை மச்சான். இது... இவன் மெலிஞ்சிமுனையான் எல்லோ?" பத்தில் எட்டுப் பிழை.

ஓடிவந்து கம்பியூட்டரில் பார்த்தால், அறுபத்து மூன்று படமும் 2003 ஜனவரி முதலாம் திகதி எடுத்ததாம்! ஒவ்வொரு நாளும் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினதாம். அந்தப் பளபளப்புக்காரன் நான்கு நாளையும் ஒரே நாளாக நினைத்துச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து அடுக்கி வைத்திருக்கிறான். கமராவின் எண்ணைப் பார்க்கலாமென்றால், மெமரி காட்டை வெறுமையாக்கும்போதெல்லாம் அதுவும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. மெலிஞ்சிமுனை முகங்கள் எனக்குப் பழக்கமில்லை. அரியநாயகம் அண்ணையைக் கேட்டால் அண்ணன் தம்பியை மாறிச் சொல்கிறார். சேர்ட்டை வைத்துப் பிடிக்கலாமென்றால் அதுவும் ஒரே சேர்ட்.

"ஸ்ரூடியோவுக்குச் சொல்லட்டோ?" என்றார் அரியநாயகம் அண்ணை. அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு எழும்பினேன். அழவில்லை. பொய். அழுதேன், வீட்டுக்குப் போய், குசினி அடுப்படியில்.

24.03.2005, பெரிய வியாழன்

தொலைபேசிக் கடையிலிருந்து மயூரநாதனுக்கு எடுத்தேன்.

"அக்கா, கமராப் பற்றரியைக் கழட்டி வைக்கிறனீங்களோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சாப் பிறகு."

"ஏன் கழட்டுறியள்?"

இதென்ன கேள்வி? பற்றரியைக் கழற்றாமல் யாராவது வைப்பார்களா? சொல்ல வாயெடுத்த பிறகுதான் எனக்கே விளங்கியது. சண்டையால் தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், அரசாங்கம் பற்றரிக்குத் தடை போட்டிருந்தது. ரேடியோவில் செய்தி முடிந்ததும் அப்பா நான்கு பற்றரியையும் கழற்றித் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைப்பார். கொஞ்சம் சக்தி திரும்புமென்று காலையில் அவற்றை வெயிலில் காயப்போடுவது என் வேலை. உள்ளே விட்டுவிட்டுப் படுத்தால் அடி விழும். தடை போய்ப் பத்து வருசமாகிறது. என் கைக்கு அது இன்னும் தெரியாது.

இரவு முழுவதும் பற்றரி இல்லாமல் கிடந்தால் கமரா திகதியை மறந்துவிடுமாம். காலையில் அது கேட்டதே அதைத்தானாம். மயூரநாதன் சிரித்தான். அவன் அப்போது சின்னப்பிள்ளை, தெரியாது. பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

28.03.2005, திங்கள்

உயிர்த்த ஞாயிறு முடிந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன்.

பளபளப்பானதைக் கம்பியூட்டரிலிருந்தே தூக்கிவிட்டேன். இனி அழுமூஞ்சிதான். அது தன் மூளையைப் பாவிப்பதில்லை, எனக்கு அதுதான் வேண்டும். மெமரி காட்டை வெறுமையாக்கினாலும் எண் தொடர்ந்து போகும்படி கமராவை மாற்றிவிட்டேன். அதற்கு மேலே இன்னொரு காவலும் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் சிலேட்டில் அங்கத்துவ எண்ணை எழுதி, ஆளின் நெஞ்சுக்கு முன்னே பிடிக்கவைத்து எடுப்பது. பிறகு எந்தப் புரோகிராம் எப்படிக் கலைத்தாலும் எனக்கென்ன?

"பதினெட்டு நாள் கிடக்கு அண்ணை" என்று அரியநாயகம் அண்ணையிடம் சொல்லிவிட்டேன்.

31.03.2005, வியாழன்

சிலேட்டோடு நாற்பது பேர் முடிந்தது. ஆனால் போன முறை மாதிரி ஒருவரும் பகிடி விடவில்லை. இரண்டாந்தரம் கூப்பிட்டதில் கோபம் என்று நினைத்தேன்.

நாற்பத்தோராவது ஆள் லியோன் அண்ணை. எண் 117. சிலேட்டைக் கையில் வாங்கினார். எழுத்தைப் பார்த்தார். மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டார். "அண்ணை, ரெண்டு நிமிசம்தான்!" என்று பின்னாலே கத்தினேன். திரும்பியும் பார்க்கவில்லை.

பிடிவாதக்காரன். அட்டை இல்லாமல் எப்படிக் கடலுக்குப் போவாராம்? எனக்கு வந்த கோபத்தில் சிலேட்டைப் பொறுக்கவும் மனமில்லை.

01.04.2005, வெள்ளி

லியோன் அண்ணையின் மனைவி அல்போன்சம்மா அக்கா வந்தா. கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னா.

"தொண்ணூற்றேழிலை ஆமிக்காரர் அவரைப் பிடிச்சுக்கொண்டு போய் நாலு மாசம் வைச்சிருந்தவை, பிள்ளை. முதல் நாள் நெஞ்சுக்கு முன்னாலை நம்பர் பலகை குடுத்து, நேரை ஒரு படம், பக்கத்தாலை ஒரு படம். எங்கடை கலியாணப் படமெல்லாம் இடம்பெயரேக்கை துலைஞ்சு போட்டுது. அடையாள அட்டை, பாசுக்கு எடுத்ததை விட்டால், இந்த உலகத்திலை அவற்றை படம் எண்டால் அந்த ரெண்டும்தான். அதுகள் எங்கை கிடக்குதோ, ஆர் கண்டது."

நானும் எழும்பி நின்றேன்.

"அட்டை வேண்டாமாம். கடலுக்குப் போகாட்டி கிழிஞ்ச வலை பொத்திக் குடுத்துச் சீவிக்கலாமாம். முப்பது வருசமாக் கடலுக்குப் போற மனிசன். நீர் ஒருக்கா யோசியும்."

வெட்கமாக இருக்கிறது. என்ன கண்ணைக் கொண்டு பார்த்தேன் நான்? அந்த நாற்பது பேரில் இன்னும் எத்தனை பேர் அப்படி நின்றிருப்பார்கள்? கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பிடி என்றேன், பிடித்தார்கள்.

நாற்பது படத்தையும் அழித்துவிட்டேன். திரும்பவும் ஒன்றும் இல்லை. இன்னும் பதினான்கு நாள்.

03.04.2005, ஞாயிறு

பூசை முடிந்து கடற்கரையால் வந்தேன். ஞாயிறு, ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. படகுகள் எல்லாம் கரையில். ஒவ்வொன்றின் முன்பக்க அணியத்திலும் எண், அதற்குப் பக்கத்தில் பெயர். புனித செபஸ்தியார், கடல் மாதா, மூன்றாவது புனித செபஸ்தியார்.

நின்றுவிட்டேன்.

அண்ணன் தம்பி முகத்தை மாறிச் சொல்லும் அரியநாயகம் அண்ணைக்கே படகு பிழைக்காது. அரை மைல் தூரத்தில் வந்தாலும் ஆருடையது என்று சொல்லிவிடுவார். முதலில் படகை எடுத்தால்? பிறகு அதில் போகிற ஆட்களை, கொப்பியில் எழுதிய வரிசையில். அடுத்த படகு, அதன் ஆட்கள். அழுமூஞ்சிப் புரோகிராமில் படகு, ஆள், ஆள், படகு, ஆள் என்று தலைப்புப் போட்ட மாதிரி வரும். யாரும் எதையும் பிடிக்கத் தேவையில்லை.

வீட்டுக்குப் போகாமல் அப்படியே கமராவை எடுத்துவந்தேன். இன்று மட்டும் எழுபத்தாறு பேர். சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை.

10.04.2005, ஞாயிறு

மண்கும்பான் ஆட்களும் முடிந்தார்கள். இருநூற்றுப் பதின்மூன்று. ஒரு முகமும் மாறவில்லை. பகிடியும் திரும்பி வந்துவிட்டது. "என்னைவிடப் படகு வடிவாய் விழுந்திருக்குது" என்று ஆளாளுக்கு முறைப்பாடு. பற்றரி கமராவுக்குள்ளேயே இருக்கிறது. கை துடிக்கிறதுதான், விட்டுப் பழகுகிறேன்.

பின்னேரம் லியோன் அண்ணை வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சிலேட்டை விட்டிட்டன். அந்த நாற்பது படத்தையும் அழிச்சிட்டன். எனக்குத் தெரியாமல் போச்சுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வலை ஊசி அடுத்த கண்ணிக்குப் போனது.

"உங்கடை படகை மட்டும் எடுக்கட்டோ?"

வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எடும். அது என்ன செய்தது?" என்றார்.

12.04.2005, செவ்வாய்

படகை எடுக்கப் போனேன். கமராவைத் தூக்கியதும் பின்னாலே குரல். "நில்லும். நம்பர் மங்கிப்போய்க் கிடக்கு." பெயின்ற் பேணியோடு வந்து எண்ணையும் பெயரையும் திரும்ப எழுதினார். அல்போன்சம்மா அக்காவின் பெயரைத்தான் படகுக்கு வைத்திருக்கிறார். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. "காயட்டும். நாளைக்கு வாரும்."

13.04.2005, புதன்

படகு. பட எண் 0388.

கமராவை மடக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். "ஏன், படகு மட்டும் காணுமோ?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அணியத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் சிரிக்கச் சொல்லவில்லை, நிமிரச் சொல்லவில்லை. அமத்தினேன்.

0389.

15.04.2005, வெள்ளி

இருநூற்றுப் பதினான்கு அட்டையும் மேசையில் வைத்தேன். அரியநாயகம் அண்ணை பதினைந்து அட்டை உருவிப் பார்த்தார். பிறகு அலுமாரித் திறப்பைப் பொக்கற்றிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார். "கமராவை நீரே வைச்சிரும்."

03.05.2005, செவ்வாய்

எல்லாரும் கடலுக்குப் போய்விட்டார்கள். சங்கத்தில் வேலையில்லாமல் இலையான் கலைக்கிறேன்.

23.05.2005, திங்கள்

மத்தியானம் லியோன் அண்ணை சைக்கிளில் வந்தார். உள்ளே வரமாட்டாராம், சேறு காலாம். வாசலில் நின்றபடி கேட்டார்.

"என்ரை படம் உம்மடை கம்பியூட்டருக்குள்ளை கிடக்குதெல்லோ?"

"ஓம் அண்ணை. பயப்பிடாதேங்கோ, சீடியிலும் அடிச்சு வைச்சிருக்கிறன்."

"எனக்கும் ஒண்டு அடிச்சுத் தாருமன். படகும் வேணும்."

"பெரிசாப் பேப்பரிலை எடுத்துத் தாறன் அண்ணை. சீடியை வைச்சு என்ன செய்வியள், வீட்டிலை போட்டுப் பாக்க ஒண்டும் இல்லையே?"

"பேப்பரும் தாரும், அவ கேக்கிறா. சீடி எனக்கு." சைக்கிள் மணியைத் தடவினார். "பாக்கிறதுக்கில்லைப் பிள்ளை. என்ரை படம் எங்கை கிடக்குதெண்டு எனக்குத் தெரிய வேணும்."

இரண்டு படத்தையும் பேப்பரிலும் சீடியிலும் அடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன். சேர்ட்டுக்குள்ளே வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் சைக்கிளை உழக்கிப் போனார்.