அப்பாவுக்காக இளைக்கிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

என் ஈரலில் கொழுப்பு இருக்கிறது, எடை குறைந்தால்தான் அதில் ஒரு பகுதியை அப்பாவுக்கு வைக்க முடியும் என்று டாக்டர் சொன்னாரில்லையா? அவசரப்பட்டு வெறும் வெள்ளரிக்காயும் மோருமாகவே இருந்துவிட்டேன். போன வாரம் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் வரும்போது கண்ணைக் கட்டியது. பயப்படாதே, விழவில்லை. பக்கத்திலிருந்த எல்லம்மாள் அக்கா மேல் சாய்ந்துவிட்டேன். எங்கள் பிளாட்டில் வேலை செய்கிறவர், விஷயம் தெரிந்தவர். "இன்னாம்மா இது? பட்டினி கெடந்து நீயும் பூட்டா உங்க நைனாவுக்கு யாரு குடுப்பா?" என்று திட்டிக்கொண்டே தன் டப்பாவிலிருந்த இட்லியை ஊட்டிவிட்டார். அழுதுகொண்டே தின்றேன்.

டாக்டரும் திட்டினார். இப்போது முட்டை வெள்ளைக்கரு, சுண்டல், கீரை, கொஞ்சம் சோறு. கீரையைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் தின்கிறேன். நேற்று ஸ்கேன் பார்த்தார்கள். கொழுப்பு குறைந்துவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமாம்.

கொள்ளு வறுத்து அனுப்பு. இங்கேயும் கிடைக்கிறது, ஆனால் நீ வறுத்தது வேண்டும். நீ சாப்பிட உட்காரும்போது போன் போடு. ஒன்றும் பேச வேண்டாம், நானும் இங்கே தட்டோடு உட்கார்ந்திருப்பேன்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உன்,
மாரிச்செல்வி